கேளாமல் எடுத்துக்கொண்டது

அவளுடைய டைம் டேபிள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் ஓய்வு. செவ்வாய்க்கிழமை காலையில் தொடர்ந்து நான்கு வகுப்பு, மூச்சுவிட நேரம் இருக்காது. புதன்கிழமை கடைசி பீரியட் ஓய்வுதான், ஆனால் யாராவது லீவு என்றால் முதலில் அதில்தான் சப்ஸ்டிட்யூஷன் போடுவார்கள். வெள்ளிக்கிழமை இரண்டாவதும் ஆறாவதும். என்னுடைய அந்த வருட டைம் டேபிளைக் கேட்டால் தடுமாறுவேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு கணக்கு டீச்சரின் டைம் டேபிளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

நட்பு முறிந்த கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காயப்பட்டவர்கள். காயப்படுத்தியவர்கள் எழுதுவது குறைவு. பாசத்தால்தான் செய்கிறேன் என்று முழுதாக நம்பிக்கொண்டு காயப்படுத்தியவர்கள் அதைவிடக் குறைவு. நான் அந்த மூன்றாவது தரப்பு. இதை எழுதுவதற்கு முன் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பி, எழுதலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "எழுதுங்க. பேரு மட்டும் வேண்டாம்." அதனால் இங்கே அவள் வெறும் 'அவள்'தான். இந்த ஒரு விஷயத்திலாவது முதலில் கேட்டுவிட்டுச் செய்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் வேலை என்பது கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து செய்கிற தனிமையான வேலை. மணி அடித்ததும் ஒருவர் நாற்பது பிள்ளைகளோடு ஓர் அறைக்குள் போகிறார். பக்கத்து அறைக்குள் இன்னொருவர் போகிறார். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கத்துக் குரல் கேட்கும், முகம் தெரியாது. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் இந்த அமைப்பை முட்டை அடுக்கும் அட்டையோடு ஒப்பிட்டார். குழிக்கு ஒரு முட்டை. பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று தொடாது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் மாடி வராந்தாதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் தொண்டை வறண்டுபோகிற அளவுக்குப் பேசியிருப்பேன். ஆனால் ஒரு பெரிய மனுஷியிடம் மனசுவிட்டு ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டேன். பதினாறு வருடம் அப்படித்தான் போனது. ஸ்டாஃப் ரூமில் என் மேஜைக்குப் பக்கத்து மேஜை அவ்வப்போது காலியாகும், யாராவது வருவார்கள், போவார்கள். நான் தமிழ். தமிழ் டீச்சரிடம் மற்றவர்கள் வருவது பெரும்பாலும் ஆண்டு விழா வரவேற்புரைக்கும், சுற்றறிக்கையில் ஒற்று சரிபார்க்கவும்தான்.

அவள் ஜூன் மாதம் வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். முதல் பருவத் தேர்வு முடிந்து நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தவள் சட்டென்று சொன்னாள்: "டீச்சர், இந்தப் பையனுக்கு மூணு மார்க் கூட்டாம விட்டுட்டீங்க." பார்த்தேன். உண்மைதான். அன்றிலிருந்து என் தாள்களை எல்லாம் அவள்தான் கூட்டினாள். மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை, இரண்டும் ஒத்துவந்தால்தான் மொத்தத்தை எழுதி அடியில் இரண்டு கோடு போடுவாள். பதிலுக்கு அவள் வகுப்பு முன்னேற்ற அறிக்கைகளில் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை ஆனது. 'நன்று', 'முயற்சி தேவை' என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு வாக்கியம் வேண்டும். "இவ கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுடுவா டீச்சர், ஆனா கையத் தூக்க மாட்டா. அதை எழுதுங்க." எழுதினேன். அந்த வருடம் முடிவதற்குள் 'டீச்சர்' போய் 'அக்கா' வந்துவிட்டது. 'நீங்க' போய் 'நீ' வந்தது என் பக்கத்தில் மட்டும்தான்.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் நட்பை மணிக்கணக்கில் அளந்தவர். 2018இல் வெளிவந்த அவருடைய ஆய்வின்படி, தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சும்மா பழகுகிற நண்பர் ஆவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கு மேல். பள்ளி வருடம் என்பது இருநூறு நாளுக்குச் சற்றுக் கூடுதல். தினமும் ஒரு மணி நேரம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தாலே ஒரு வருடத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது, யாரும் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. இதில் அந்த ஆய்வு சொல்லாத ஒன்று உண்டு. அவளுக்கும் 200 மணி நேரம், எனக்கும் 200 மணி நேரம். ஆனால் அவள் வீட்டுக்குப் போனபின் அந்த மணி அவளுக்கு நின்றுவிடும். எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு அன்று அவள் சொன்னதை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். எந்த இடத்தில் சிரித்தாள், எதற்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்தாள். டைம் டேபிள் போடும் கமிட்டியில் நான் இருந்ததால், இரண்டாம் வருடம் என் ஓய்வு பீரியட்கள் அவளுடையவற்றோடு பொருந்தும்படி மாற்றிக்கொண்டேன். கேட்டவர்களிடம் லேப் நேரத்துக்காக என்றேன். தமிழுக்கு ஏது லேப்? யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பரீட்சை ஹால் மேற்பார்வைக்கு அவளையும் பிசிக்ஸ் டீச்சரையும் ஒரே ஹாலில் போட்டிருந்தார்கள் ஒரு முறை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்ததைப் பார்த்தேன். என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, ஒரு பையன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். எந்தப் பையன், என்ன செய்தான் என்று தெரியாமல் மூன்று நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். இத்தனை வலிக்கிறதே, பாசம் இல்லாவிட்டால் எப்படி வலிக்கும் என்பது என் வாதம்.

அந்த இரண்டாம் வருடம் அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவர் மட்டும். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் ஏதோ கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அவள் நிமிர்ந்தாள், ஆனால் பார்வை என்னைத் தாண்டி எங்கோ போனது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? என்மேல் கோபம் என்று தோன்றியது. காலையிலிருந்து நான் என்ன செய்தேன், என்ன சொன்னேன் என்று மனசு வேகமாகத் தேட ஆரம்பித்துவிட்டது. கண்ணெதிரே ஒருத்திக்கு உடம்பு நிலை தப்பியிருக்கிறது. நான் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு நிமிடத்தை நான் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன். வலது கையில் சிவப்பு பேனா விடைத்தாளின் மேல் நின்ற இடத்திலேயே அழுந்திக்கொண்டிருந்தது. மை ஊறிப் பரவியது. இடது கை விரல்கள் கைக்கடிகாரப் பட்டையின் கொக்கியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தன, ஆனால் உண்மையில் கழற்றவும் இல்லை, மாட்டவும் இல்லை. உதடுகள் எதையோ மெல்வதுபோல் அசைந்தன. கண் திறந்தே இருந்தது. ஒன்றரை நிமிடம் இருக்கலாம். பிறகு மெதுவாகத் திரும்பி வந்தாள். எந்த இடம் என்று தேடுவதுபோல் மேஜையைப் பார்த்தாள், விடைத்தாளில் பரவியிருந்த மையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். "இது எத்தனாவது பீரியட்க்கா?" என்றாள்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து கை கால் வெட்டி இழுப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இப்படியும் ஒரு வகை உண்டு. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குவது. ஆள் விழ மாட்டார். வெறித்துப் பார்ப்பார், கை எதையோ துழாவும், வாய் அசையும், கூப்பிட்டால் பதில் வராது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பிறகு கொஞ்ச நேரம் குழப்பம் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கையைப் பிடித்து அமுக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டால் தாமதிக்காமல் மருத்துவ உதவி. உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அவள் அன்று சொன்னது கொஞ்சம்தான். பதினேழு வயதிலிருந்து இருக்கிறது. தினம் இரண்டு வேளை மாத்திரை. முன்பு வேலை பார்த்த இடத்தில் நம்பிச் சொன்னாள்; அடுத்த வருடத்துக்கு உங்களுக்கு வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் வந்தால்? "போர்டைப் பார்த்துக்கிட்டு நின்னா, மிஸ் ஸ்டெப் யோசிக்கிறாங்கன்னு பசங்க நினைச்சுக்குவாங்க" என்றாள். "யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா."

தெரியாது என்றேன். என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். அதோடு இன்னொன்றும் நடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். பயம் இருந்தது, பரிதாபம் இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குளிர்ந்த சந்தோஷமும் இருந்தது. பிசிக்ஸ் டீச்சருக்கு இது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரகசியங்களை ஆராய்ந்தவர் மைக்கேல் ஸ்லெபியன், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் அவர் சகாக்களும் 2017இல் எழுதியதன்படி, ஒருவர் சராசரியாகப் பதின்மூன்று வகை ரகசியங்களை வைத்திருக்கிறார், அவற்றில் ஐந்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரகசியம் ஒருவரை வாட்டுவது, யாராவது கேட்கும்போது மறைக்க வேண்டியிருப்பதால் அல்ல, தனியாக இருக்கும்போது மனம் அதையே சுற்றிச் சுற்றி வருவதால் என்பதுதான் அவர்கள் கண்டது. அடுத்த வருடம் அவரே இன்னொரு ஆய்வில் கேட்டவர் பக்கத்தையும் பார்த்தார். ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியம் கேட்டவருக்கு நெருக்கத்தையும் தருகிறது, பாரத்தையும் தருகிறது. எங்கள் விஷயத்தில் பாரம் அவளிடமிருந்து பாதி இறங்கியது. என்னிடம் வந்ததை நான் பாரமாக உணரவே இல்லை, சொத்தாக உணர்ந்தேன். அங்கேதான் எல்லாம் கோணலாகப் போனது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். நீல அட்டை, கோடு போட்டது, பாடக் குறிப்பு எழுதுவதற்காகப் பள்ளியில் கொடுத்தது. அவளுக்கு வலிப்பு வந்த நாளில் தேதி எழுதிப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். அது நல்ல நோக்கத்தில் தொடங்கியது, இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் புள்ளி இல்லாத நாட்களில் அந்தப் பக்கம் காலியாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் மற்றதையும் எழுத ஆரம்பித்தேன். இன்று யாரோடு கீழே இறங்கினாள். போனில் யாரிடம் சிரித்துப் பேசினாள். என்னிடம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன் என்றாள், உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பினாள். மாத்திரை போட்டாயா என்று தினம் கேட்பேன். முதலில் 'ம், போட்டேன்க்கா' என்பாள். பிறகு வெறும் 'ம்'. அந்த 'ம்' எப்படி இருந்தது என்பதைக்கூட எழுதி வைத்திருக்கிறேன்.

அவளுடைய ரகசியம் என்னிடம் இருந்தது. என்னுடையது ஒன்றுகூட அவளிடம் இல்லை. எனக்கென்ன ரகசியம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்த நீல நோட்டு என் பையிலேயே இருந்தது.

அந்த வருடங்களில் பத்தாம் வகுப்புக்குக் குறள் நடத்தும்போது நட்பு என்ற அதிகாரத்தோடு நிறுத்த மாட்டேன். 79 முதல் 83 வரை வரிசையாக ஐந்து அதிகாரம் வள்ளுவர் நட்புக்கென்றே வைத்திருக்கிறார்: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. ஐம்பது குறள். அதில் எனக்குப் பிடித்தது பழைமை. 'கேளாது நட்டார் செயின்' என்று ஒரு குறளில் வரும். நண்பர்கள் உரிமையோடு நம்மைக் கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டால், அந்த உரிமையின் அருமை தெரிந்தவர் அதை விரும்பி ஏற்றுக்கொள்வார் என்பது பொருள். கெழுதகைமை என்பார் அந்த உரிமையை. வகுப்பில் இதை நடத்தும்போது எனக்குத் தொண்டை கம்மும். நான் கேளாமல் செய்ததை எல்லாம் அந்தக் குறளின் நிழலில் கொண்டுபோய் வைத்திருந்தேன். டைம் டேபிள், நோட்டு, தினசரி விசாரணை எல்லாமே கெழுதகைமை.

இவ்வளவு வருடம் நடத்தியும் எனக்கு உறைக்காதது இதுதான்: அந்த அதிகாரம் முழுக்கப் பொறுத்துக்கொள்கிறவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. எடுத்துக்கொள்கிறவரைப் பார்த்து அல்ல. உன் நண்பன் கேட்காமல் செய்தால் நீ பெரிதுபடுத்தாதே என்கிறார். நீ போய்க் கேட்காமல் செய் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஒரே செயலுக்கு இரண்டு பக்கம் உண்டு. நான் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டு குறளைப் படித்திருக்கிறேன்.

மூன்றாம் வருடம் ஜனவரியில் அவள் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பியிருந்தாள், மேஜை டிராயரில் இருக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்துத் தரும்படி. பதிவேட்டுக்கு அடியில் ஒரு விண்ணப்பத்தின் நகல் இருந்தது. வேறொரு பள்ளி. தேதி நவம்பர் மாதத்தது. பிள்ளையிடம் பதிவேட்டைக் கொடுத்தனுப்பிவிட்டு டிராயரை மூடாமல் நின்றேன். இரண்டு மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் தாள்களைக் கூட்டிக்கொண்டு இதை மறைத்திருக்கிறாள். மத்தியானம் பிசிக்ஸ் டீச்சரிடம் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "உங்ககிட்ட சொல்லலையா?" என்று அவர் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், சண்டை போட்டிருப்போம், அதோடு தீர்ந்திருக்கலாம். எதுவும் தெரியாததுபோலவே இருந்தேன். மாத்திரை போட்டாயா என்று வழக்கம்போல் கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர். "உக்காருங்க டீச்சர். உங்க பக்கத்து சீட்டு கணக்கு டீச்சரைப் பத்தி ஒரு ஸ்கூல்ல இருந்து கேட்டிருக்காங்க. பாடம் எப்படி எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும், எழுதிடுவேன். ரெகுலரா வருவாங்களா, உடம்பெல்லாம் நல்லா இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்லை. உங்களுக்குத்தான் இன்னும் நல்லாத் தெரியும்."

இதற்குப் பொய் சொல்லாமலே நல்ல பதில் ஒன்று இருந்தது. மூன்று வருடத்தில் என்னைவிடக் குறைவாக லீவு எடுத்தவள் அவள். 'ஒரு நாள் வீணா லீவு போட மாட்டாங்க மேடம்' என்று நான் சொல்லியிருந்தால் அது முழு உண்மை. அந்த வாக்கியம் என் வாயில் தயாராகவே இருந்தது. நான் சொல்லவில்லை. மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. பிறகு சொன்னேன்: "அதை அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க மேடம்."

ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் ரகசியத்தைப் பற்றி 1906இல் எழுதியதில் ஒரு விஷயம் சொல்கிறார். ரகசியம் அதை வைத்திருப்பவருக்குத் தனி இடம் கொடுக்கிறது; அதே சமயம், நினைத்தால் உடைத்துவிடலாம் என்ற சபலத்தையும் கூடவே கொடுக்கிறது. உடைக்கிற அந்த நொடியில்தான் அதன் முழு பலமும் கையில் தெரியும். அந்த அறையில் எனக்கு அது தெரிந்தது. நான் ஒரு வார்த்தைகூட உடைக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியும், சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியும். படியிறங்கும்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் 'நல்லா இருப்பாங்க' என்ற பதில் வர வேண்டிய இடத்தில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் கேட்டவருக்கு என்ன புரியும்? எனக்கு அது புரிந்துதான் இருந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் போக முடியாமல் செய்யப் பார்த்தேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தவள் ஸ்டாஃப் ரூமுக்கு வராமல் நேராக ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. ஏதோ தேற்றம் நடத்திக்கொண்டிருந்தாள், எப்போதும்போல் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நிறுத்தி, "ஏன்?" என்று கேட்டுக்கொண்டு.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியை கேட்டதும் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் பதறவில்லை. அவள் சொன்னதை அவள் சம்மதத்தோடுதான் எழுதினார், கூடவே லீவு கணக்கையும் எழுதினார், புதிய பள்ளி அவளை எடுத்துக்கொண்டது. ஆக நான் செய்ததால் அவள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எனக்குச் சாதகமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த உண்மையை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது பதினேழு வயதிலிருந்து அவள் கையில் இருந்த ஒன்று. அதை நான் அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

அன்று சாயங்காலம் கடைசி மணி அடித்து எல்லோரும் போனபின் வந்து தன் மேஜையில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. அழவும் இல்லை.

"அந்த நீல நோட்டைக் குடுங்கக்கா."

எந்த நோட்டு என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"போன வருஷமே பார்த்தேன்" என்றாள். "நீங்க அசெம்பிளிக்குப் போயிருந்தீங்க, உங்க பேப்பர் கட்டு எடுக்கப் பையைத் திறந்தேன். படிச்சேன். முழுசா படிக்கலை, ஆனா படிச்சேன். அக்கா என்னவோ பயத்துல எழுதி வெச்சிருக்காங்கன்னு விட்டுட்டேன்."

ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, என் 'மாத்திரை போட்டியா'வுக்கு 'ம்' சொல்லியிருக்கிறாள், என் தாள்களைக் கூட்டிக் கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் அவள் வைத்திருந்த பெரிய ரகசியம் அந்த விண்ணப்பம் இல்லை, இதுதான். வகுப்பில் தொண்டை கம்ம நான் நடத்திய குறளின் சரியான பக்கத்தில் அவள் ஒரு வருடமாக நின்றிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்தாள். என் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து மூன்று கட்டம் போட்டாள்: தேதி, நேரம், எத்தனை நிமிடம். முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். சிவப்புப் புள்ளி வந்தால் மட்டும் நின்றாள், அந்த வரியைத் தன் கையெழுத்தில் தாளில் எழுதிக்கொண்டாள், மறுபடி புரட்டினாள். நடுவில் இருந்ததெல்லாம், அவள் யாரோடு இறங்கினாள், எப்போது கிளம்பினாள், எந்த 'ம்' எப்படி இருந்தது என்பதெல்லாம், அவள் கண்ணுக்கு முன்னால்தான் போனது. ஒரு வரியில்கூட அவள் விரல் நிற்கவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க நான்கைந்து முறை வாயைத் திறந்தேன். பேனா ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே பேச முடியவில்லை.

எழுதி முடித்துத் தாளை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். கீழிருந்து மேலாக ஒரு முறை. பேனா முனையால் சில தேதிகளைத் தொட்டாள்.

"ஏழுல அஞ்சு, பேப்பர் திருத்துற வாரத்துல வந்திருக்கு" என்றாள். அது கணக்கு டீச்சரின் குரல். "தூக்கம் இல்லாம முழிச்சிருந்த நாளெல்லாம். எனக்கே இது தெரியலை. டாக்டர் ஒவ்வொரு தடவையும் தேதி கேப்பார், நான் ஞாபகம் இல்லைம்பேன்." கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு தேங்க்ஸ்க்கா."

நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினாள். "மத்ததெல்லாம் உங்களோடது."

பிறகு அந்தத் தாளின் அடியில் மொத்தம் 7 என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.